இராசமலரின் கிளினிக் விரதம்

1

இந்தக் கதை, ஓர் இலக்கம் எழுதாமல் விட்ட கிளினிக் அட்டையிலிருந்து வந்தது. நடமாடும் மருத்துவ வான் வண்டியில் அட்டை எழுதியவன் நான். வடமராட்சிக் கரையூர் ஒன்றின் வாசிகசாலை முன்னால், மாதத்துக்கு ஒரு செவ்வாய் நிற்போம். இப்போது அந்த வான் ஓடுவதில்லை. ஸ்பிரிட் மணமும் உப்புக் காற்றும் கலந்த அந்தக் காலைகளை நினைத்தால் இன்றைக்கும்...

(வேண்டாம். கதைக்கு வருகிறேன்.)

2

இராசமலர் கடற்தொழிலாளி ஒருவரின் மனைவி, நீரிழிவுக்காரி. முதல் தடவை தற்செயலாக ஒரு விரத நாளில் வந்ததால் இரத்தத்தில் சீனி குறைவாக இருந்தது. "கெட்டிக்காரி!" என்றார் டொக்டர். அதற்குமுன் யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை. (இது என் ஊகம். ஆனால் முகத்தைப் பார்த்தேன்.)

அதன்பின் ஒவ்வொரு கிளினிக்குக்கும் மூன்று நாள் முன்பே விரதம் பிடித்தாள். பாலும் சீனியும் இல்லாத வெறுந்தேத்தண்ணி மட்டும். மற்ற நாட்களில் தேத்தண்ணியோடு பனங்கட்டி, பனை வெல்லம். டொக்டர் மகிழ்ந்து சீனிக்கான குளிசை மாத்திரையைப் பாதியாக்கினார். காலில் பட்ட காயம் ஆறவில்லை.

3

(முதலில் தாதியைக் கோபக்காரியாக எழுதினேன். பொய். அந்த வரிகளை வெட்டிவிட்டேன்.)

எங்கள் தாதி நளீபா, தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் துரத்தப்பட்டு, பிறகு யாழ்ப்பாணம் திரும்பிய குடும்பத்துப் பெண். சீனி பார்க்க இராசமலரின் விரலைப் பிடித்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, எத்தினை நாளாச் சாப்பிடேல்லை?"

"ஆர் சொன்னது? வயிறு முட்டச் சாப்பிட்டனான்."

"என்னையே பேய்க்காட்டுறியள்? முப்பது நாள் நோன்பு பிடிக்கிறவள் நான். நோன்பு முகம் தெரியாதே?"

"டொக்டரிட்டைச் சொல்லிப்போடாதை பிள்ளை. அவ்வளவு தூரத்தாலை வாறவர். மனம் நோகும்."

"கால் போனால் ஆருக்கக்கா நோகும்?"

காயத்துக்கு மருந்து கட்டினாள். பிறகு என்னிடம், "அண்ணை, இண்டைக்கு அட்டையிலை சீனி இலக்கம் எழுதாதேங்கோ" என்றாள்.

4

அடுத்த ஞாயிறு, தன் லீவு நாளில், நளீபா அந்த வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். இராசமலர் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

"சொல்லாமல் கொள்ளாமல் வந்திட்டியள்!"

"சொன்னால் விரதம் பிடிச்சிடுவியள். விரலைத் தாங்கோ."

உண்மையான அளவு தெரிந்தால் டொக்டர் குளிசையைக் கூட்டுவார், கால் தப்பும். கெட்டிக்காரி என்ற பெயர்தான் போய்விடும்.

"நில்லு பிள்ளை, கையைக் கழுவிப்போட்டு வாறன்."

கிணற்றடிக்குப் போனாள். அங்கே பின்வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழையும் ஓட்டை, இருக்கிறது. அதால் நுழைந்தால் அயல்வீடு.

5

அவள் ஈரவிரலை நீட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்

பொட்டுக்குள்ளால் போனவள் பொழுதுபடும்வரை

(இரண்டையும் எழுதி, இரண்டையும் விட்டுவிட்டேன். நடந்தது எனக்குத் தெரியும். ஆனால் முடிவைவிட அந்தக் காத்திருப்பில்தான் கடவுள் நின்றார் என்று நம்புகிறேன்.)

கிணற்றடியில் வாளிச் சத்தம் நின்றுவிட்டது. நளீபா கூப்பிடவில்லை. நீங்களும் கூப்பிடாதீர்கள்.