சின்னவள் கைப்பக்குவம்

வேண்டுமென்றேதான் போட்டாள் பெரியவள். கைக்கு அடங்கின மட்டும் உலர்ந்த திராட்சையை அள்ளி, இரண்டு தடவை.

அப்பாவுக்கு உலர்ந்த திராட்சை ஆகவே ஆகாது. வாயில் ஒன்று அகப்பட்டால் போதும், செய்தவரைக் கூப்பிட்டு நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டால்தான் அடுத்த வாய் இறங்கும். பெரியவளுக்கு வேண்டியதும் அதுதான். திட்டுவதற்காவது போன் செய்யட்டுமே! அந்த மனிதர் அவளிடம் ஒரு வார்த்தை பேசி எட்டு மாதமாயிற்று.

அப்பா முப்பத்தைந்து வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். "கிளட்சை மெதுவா விடு" என்று கத்திக் கத்தியே கிளட்ச் வாத்தியார் என்று பெயர் வாங்கியவர். பெரியவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எழுத்துப் பலகையில் முதல் வரியே அப்பாவுக்குத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், கார் சாவியை ஒளித்துப் பார்த்தாள். கேட்கிற ஆளா அவர்? பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தை மயிரிழையில் தப்பிய மறுநாள், லைசென்ஸ் ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டாள். லைசென்ஸ் போயிற்று. "பெத்த பொண்ணே என்னைக் காட்டிக் கொடுத்துட்டா. இனிமே உன் கையால பச்சைத் தண்ணி கூடக் குடிக்க மாட்டேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு சின்னவள் வீட்டுக்குப் போனவர்தான்.

சின்னவள் அக்காவைப் படியேற விடவில்லை. "உன்னைப் பார்த்தா அவருக்கு பிரஷர் ஏறுது. கொடுக்கறதை வாட்ச்மேன்கிட்ட கொடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டாள்.

அதனால்தான் இந்த கிரானோலா. ஓட்ஸ், உடைத்த பாதாம், பூசணி விதை எல்லாவற்றையும் எண்ணெயிலும் தேனிலும் புரட்டி, முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் சேர்த்து, தட்டில் அழுத்திப் பரப்பி ஓவனில் வைப்பாள். வெளியே எடுத்ததும் கிளறக் கூடாது. கை எவ்வளவு துறுதுறுத்தாலும் ஆறும்வரை தொடாமல் விட்டால்தான் கட்டி கட்டியாக உடையும். அப்பாவுக்குக் கண்தான் போயிற்றே தவிர பல் போகவில்லை. கடக் முடக்கென்று மெல்லுவதற்குக் கட்டி வேண்டும் அவருக்கு. ஞாயிறுதோறும் ஒரு டப்பா போகும், சாயங்காலம் சின்னவளிடமிருந்து செய்தி வரும்: "சாப்பிட்டார்."

அந்த ஒரு வார்த்தையில்தான் பெரியவள் உயிரை வைத்துக்கொண்டிருந்தாள். பச்சைத் தண்ணீர் வேண்டாமென்றவர் தன் கையால் செய்ததைச் சாப்பிடுகிறாரே! கோபம் தணிந்துவிட்டது, வறட்டு கௌரவம்தான் மிச்சம், இன்றோ நாளையோ கூப்பிடுவார் என்று நம்பினாள். கூப்பிடவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துத்தான் திராட்சையில் கை வைத்தாள்.

அன்று சாயங்காலமும் செய்தி வந்தது: "சாப்பிட்டார். நல்லா இருந்துச்சாம்."

நல்லா இருந்ததாமே! பெரியவளுக்குச் சுர்ரென்று ஏறியது. திராட்சையைத் தின்றுவிட்டு நல்லாயிருக்கிறது என்பாரா அவர்? கொட்டியிருக்கிறாள், குப்பையில் கொட்டியிருக்கிறாள். இல்லாவிட்டால் தானே உட்கார்ந்து மொக்கியிருக்கிறாள். எட்டு மாதமாக டப்பா டப்பாவாக!

மறுநாள் காலை கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வாட்ச்மேன் "மேடம், மேடம்" என்று பின்னால் ஓடிவர, மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறி மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்த சின்னவள் கையில் ஒரு தட்டு. தட்டு நிறையத் திராட்சை.

"இங்க எதுக்கு வந்தே?"

"என் டப்பா எங்கடி? குப்பையில கொட்டிட்டு எனக்குக் கதை விடறியா?"

சின்னவள் அவளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். மேடைமேல் டப்பா திறந்திருந்தது. "மெதுவாப் பேசு. நேத்து ஒரு மணி நேரம், இன்னைக்கு அரை மணி நேரம், ஒண்ணொண்ணாப் பொறுக்கிட்டிருக்கேன். வேணும்னுதானே போட்டே?"

"ஆமா, வேணும்னுதான் போட்டேன். அவர் என்னைத் திட்டட்டும்னுதான் போட்டேன். நீ எதுக்குப் பொறுக்கறே?"

"திட்டு எனக்கில்ல விழும்? நான் செஞ்சதுன்னு சொல்லித்தானே கொடுக்கறேன்."

பெரியவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஓங்கி ஓர் அறை விடத்தான் கை போனது. "திருட்டுக் கழுதை! எட்டு மாசமா நான் வெந்து சாகறேன், நீ பேர் வாங்கிக்கறியா?"

"முதல் டப்பாவை உன் பேரைச் சொல்லித்தான் கொடுத்தேன். விசிறி அடிச்சார். சோபா இடுக்குல ஓட்ஸ் இன்னும் கிடக்கு, வேணும்னா வந்து பாரு. பதினோரு கிலோ இறங்கியிருக்கார். எதை வச்சாலும் தள்ளி விடறார், இது ஒண்ணுதான் உள்ள போகுது. போ, போய் நான்தான் செஞ்சேன்னு சொல்லு. நாளையிலேர்ந்து இதுவும் வேணாம்பார்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ செய்வியா? உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

செய்திருக்க மாட்டாள் என்பது பெரியவளுக்கே தெரியும்.

"யாரது அங்கே?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

பெரியவள் கூடத்துக்கு வந்தாள். அப்பா மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டை அவரைவிடப் பெரிதாக இருந்தது. "நான்தாம்பா" என்றாள்.

"ஓ, காட்டிக் கொடுக்கறவங்களா! இன்னைக்கு யாரைப் பிடிச்சுக் கொடுக்க வந்திருக்காங்க?"

"சும்மா, பார்க்கலாம்னு..."

"பாரு, நல்லாப் பாரு. உனக்குத்தான் கண்ணு தெரியுமே." கிண்ணத்தைத் தடவி ஒரு கட்டியை எடுத்துக் கடக்கென்று கடித்தார். "சின்னவ செஞ்சது. அன்னைக்கு நீ பாயசத்துல கொட்டின மாதிரி திராட்சையைக் கொட்டி நாசம் பண்ணல. ஜென்மத்துக்கும் உனக்கு இப்படி வருமா?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது பதில். சமையலறை வாசலில் சின்னவள் தட்டோடு நின்று இவளையே முறைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அடுத்த கட்டியை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனபோது, மணிக்கட்டிலிருந்த கைக்கடிகாரம் முழங்கைவரை சரிந்தது.

"வராதுப்பா" என்றாள் பெரியவள்.

"தெரியுதில்ல? கிளம்பு" என்றார், மென்றுகொண்டே.

வாசலில் சின்னவள் போன வாரத்துக் காலி டப்பாவை அவள் கையில் திணித்தாள். "வாட்ச்மேன்கிட்டயே கொடு, மேல வராதே. தேனைக் குறை. போன மாசம் இனிப்பு ஜாஸ்தின்னு என்னைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார்."

படியில் வைத்த காலைப் பெரியவள் எடுத்துவிட்டாள். "திட்டினாரா? என்ன சொல்லித் திட்டினார்?"

"அது இப்ப எதுக்கு? எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு, கையை எடு."

பெரியவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. "சொல்லுடி. ஒரு வார்த்தை விடாம சொல்லு."

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பித்தாள். "'புதுசா ஓட்டறவன் கிளட்சை விடற மாதிரி தேனை ஒரேயடியா விட்டியா? கொஞ்சம் கொஞ்சமா விடணும்னு எத்தனை தடவை சொல்றது? மண்டையில ஏறாதா உனக்கு?' போதுமா?"

"அப்புறம்?" என்றாள் பெரியவள்.