உங்கள் பாடு வியாழக்கிழமை

1

இந்தக் கதை ஓர் அவமானத்திலிருந்து பிறந்தது. என் புதிய நாவல் வெளியான கையோடு, என் மெயிலில் இருந்த அத்தனை முகவரிகளுக்கும் அதன் விளம்பரத்தைத் தட்டிவிட்டேன். கூடவே நான் கன்னத்தில் கைவைத்து யோசிக்கும் படங்கள் பன்னிரண்டு. இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்கவில்லை. பதில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அனுப்பியவர், பழவேற்காடு ஏரிக்கரை ஊரான பசியாவரத்திலிருந்து எனக்கு ஒருமுறை நண்டு விற்று, மெயிலில் ரசீது அனுப்பிய பெண்.

“ஐயா, வணக்கம். இன்னிக்கு உங்க பாடு இல்ல. உங்க பாடு வியாழக்கிழமை.”

எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. அவருக்குக் கஸ்தூரி என்று பெயர் வைத்ததும் நான்தான்.

2

விடியலின் பொன்னொளியில் பழவேற்காடு ஏரி ஒரு…

[அடித்துவிட்டேன். ஏரியை வர்ணிக்காமல் ஒருவராவது இந்தப் பக்கத்துக் கதையைத் தொடங்கவேண்டாமா?]

மெயிலில் முழங்கால் வலிக்கு எண்ணெய் விற்கிறவனுக்குக் கஸ்தூரி பதில் எழுதிக்கொண்டிருந்தாள். (கதைக்குள் வந்ததும் ‘அவர்’ ‘அவள்’ ஆகிவிட்டார், கவனித்தீர்களா? அதுவும் கேட்காமல் செய்ததுதான்.)

ஏரியில் எந்த இடத்தில், எந்த நாள், யார் வலை போடலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். அதுதான் பாடு. முறை இல்லாதவன் வந்துவிட்டால் முதலில் மரியாதையாக முகத்துக்கு நேரே சொல்வார்கள். விளம்பரக்காரர்களையும் கஸ்தூரி அப்படித்தான் நடத்தினாள். எண்ணெய்க்குத் திங்கள், வீட்டு மனைக்குச் செவ்வாய், வழுக்கையில் முடி நடுகிறவர்களுக்குப் புதன். அவர்களோ, பதில் வர வர உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

“பதில் போடாத கஸ்தூரி. அழிச்சிட்டுப் போ,” என்றான் புருஷன் பிரகாஷ், பிய்ந்த வலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

“சொல்லாம எப்பிடிய்யா தொரத்தறது? தெரியாம வந்திருப்பான்.”

“பொம்பளைங்க எப்பலேர்ந்து பாடு போட ஆரம்பிச்சீங்க?”

“ஏரியில எனக்குப் பாடு கெடையாது, சரி. இது என் மெயில் பொட்டி. இங்க நான் வெச்சதுதான் பாடு.”

(இந்த வசனம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.)

3

அந்தப் பெட்டி அவளுக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? முதல் வரைவில் ஒரு காதலன் இருந்தான். [நீக்கினேன். எனக்கே கூச்சமாக இருந்தது.] இரண்டாவது வரைவில் தங்கை மாலா வந்தாள்.

மாலாவின் போனை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் படித்துவிட்டாள் கஸ்தூரி. எல்லாம் நல்லதுக்கு என்று நினைத்துத்தான். விஷயம் தெரிந்ததும் மாலா அன்றைக்கே துணிமணியை எடுத்துக்கொண்டு பொன்னேரியில் ஒரு விடுதிக்குக் கிளம்பினாள். படகில் ஏறும்போது சொன்னாள்: “போன் பண்ணாத, வராத. எனக்கா தோணுச்சுனா மெயில் போடறேன். அதுவரிக்கும் என்னை உட்டுரு அக்கா.”

கஸ்தூரி போன் செய்யவில்லை, போகவுமில்லை. தங்கை நினைப்பில் சோறு இறங்காத நாட்களிலும் போகவில்லை. இது மாலாவின் முறை. அதில் நுழையக் கூடாது.

4

ஒரு மத்தியானம் போனில் அறிவிப்பு வந்தது. பெட்டி நிறைந்துவிட்டது, இனி எந்த மெயிலும் உள்ளே வராது.

“ஐயோ, மாலா போட்டிருந்தா?”

பிரகாஷ் கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். இருவரும் தேடினார்கள். இருப்பதிலேயே அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவன் நான்.

“யாரு இவரு? பல்லு வலியா?”

“நண்டு வாங்கனவரு. மரியாதயாத்தான் சொன்னேன்.”

பன்னிரண்டு படங்களும் போயின. வியாழக்கிழமை என் பாடு என்றாரே என்று நான் மறுபடியும் அனுப்பியிருந்தேன். அந்தப் பன்னிரண்டும் போயின.

5

முடிவு ஒன்று: மாலாவின் மெயில் திரும்பிப் போய்விட்டது, அக்கா தன்னை பிளாக் செய்துவிட்டாள் என்று அவள்… [வேண்டாம். பழி என் தலையில் விழும்.]

முடிவு இரண்டு: பெட்டியில் இடம் கிடைத்ததும் மெயில் வந்துவிடுகிறது. எனக்கு இதுதான் ஆசை. வந்தது என்றே வைத்துக்கொள்வோம். தடித்த எழுத்தில் மாலாவின் பெயர்.

உள்ளே என்ன இருக்கிறது? எழுதிப் பார்த்தேன். “அக்கா, நான்…” அதற்கு மேல் கை ஓடவில்லை. அதை எழுத வேண்டுமானால் நான் அதைப் படித்தாக வேண்டும். ஒருத்தி படித்ததனால்தானே அந்தப் பெண் வீட்டைவிட்டே போனாள்?

பிரகாஷ் எட்டிப் பார்த்தான். “இன்னா எழுதிக்கீறா?”

“நீ அப்பிடிப் போய்யா.”

அவன் வலைக்குத் திரும்பிவிட்டான். கஸ்தூரிக்குக் கண் நிறைந்துவிட்டது. கட்டைவிரல் அந்தப் பெயருக்கு மேலேயே நின்றது. பிறகு தலையை நிமிர்த்தி நேராக என்னைப் பார்த்தாள்.

“ஐயா, நீங்களும்தான். பின்னாடி நின்னு படிக்கறாங்களே, அவுங்களையும் இட்டுக்கினு போங்க.”

நான் கிளம்பிவிட்டேன். நீங்கள் இன்னும் இங்கேயே நிற்கிறீர்களே?