மயங்கிக் கிடக்க வேண்டியவர்

"கயிறு ஆடுதுப்பா! தள்ளுங்க, தள்ளுங்க!"

அசைவற்றுக் கிடந்தவர் இப்படிக் கத்திக்கொண்டே துள்ளி எழுந்து கயிற்றைப் பிடித்தார். ஒரே இழுப்பு. குழிக்குள்ளிருந்து கதாநாயகன் மேலே வந்தான். அவனுடைய டோப்பா மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

"கட்!" டைரக்டர் தொப்பியைத் தரையில் அடித்தார். "யோவ், நீ மயங்கிக் கிடக்கணும்யா! ஹீரோ இப்பதான் உன்னைக் காப்பாத்தி மேல அனுப்பியிருக்காரு!"

"கயித்துல மூணு இழுப்பு வந்துச்சே சார். கீழ இருக்கறவனுக்கு மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். உடனே தூக்கணும்."

"அது நடிப்புய்யா!"

"எனக்குத் தெரியுது சார். கைக்குத் தெரியலையே."

நம்மவர் இருபது வருஷமாகச் சாக்கடைக் குழியில் இறங்குகிறவர். மயங்கிய தொழிலாளியை எழுத்தாளர் ஒருவர் குழிக்குள் குதித்துக் காப்பாற்றிய 'உண்மைக் கதை' புத்தகமாகி, பரிசும் வாங்கி, இப்போது படமாகிறது. அந்தத் தொழிலாளி நம்மவரேதான். படத்தில் அவருக்கு ஒரே ஒரு வசனம்: 'நீங்க மனுஷன் இல்லீங்க, தெய்வம்!' அதைக் கேட்க அவர் மனைவி தெருவையே திரட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"இந்த மனுஷனுக்கு மயங்கிக் கிடக்கக்கூடத் துப்பில்லையே!" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த டேக்கில் நம்மவர் இரண்டு கைகளையும் முதுகுக்கடியில் திணித்துக்கொண்டு படுத்தார். மூணு இழுப்பு வந்தது. பல்லைக் கடித்தார். கதாநாயகன் உணர்ச்சிவசப்பட்டு இன்னொரு மூணு தரம் இழுத்தான். அவ்வளவுதான், டோப்பா மறுபடி குழிக்குள்.

"போதும்! உன் வசனம் கட். வேற ஆளுக்குக் குடுத்துடறேன்!"

மனைவியின் முகம் சுருங்கிப்போனது. குடை நிழலில் உட்கார்ந்திருந்த எழுத்தாளர் கண்ணாடியை அவசரமாகத் துடைத்தார். "எதுக்கு வேற ஆளு? அந்த வசனமே வேண்டாமே."

நம்மவர் கைத்தூசியைத் தட்டினார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தார். அதுவும் போன பிறகு என்ன?

"எழுத்தாளர் ஐயாவுக்கே குடுங்க சார். அவருக்கு மனப்பாடம்."

"அவருக்கா? ஏன்?"

"மூடியைத் திறந்தா அரை மணி நேரம் பொறுக்கணும்னு அன்னிக்குத் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேக்காம போட்டோ எடுக்க இறங்கினாரு. மூணு இழுப்பு வந்துச்சு, தூக்கினேன். கண்ணு முழிச்சதும் என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அந்த வசனத்தைச் சொன்னவரே இவருதான் சார்."