கொடியில் ஒரு சட்டை

தரை துடைக்கத் துணி தேடிக் குளியலறைக்குப் போனவள், வாளியில் சட்டை ஊறுவதைப் பார்த்தாள். படுக்கப் போகும்முன் அம்மா ஊறப்போட்டிருக்கிறாள். விடிவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். சட்டை இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் சட்டை போடுகிற ஆள் யாரும் இல்லை. அப்பா விட்டுவிட்டுப் போனபோது இவள் கைக்குழந்தை. ஆம்பளை இல்லாத வீடு என்று தெரிந்தால் கண்டவனும் கதவைத் தட்டுவான் என்று, சீருடை தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்த அம்மா, மிஞ்சிய துணியில் ஒரு சட்டை தைத்தாள். வாரம் தவறாமல் துவைத்து மாடிக் கொடியில் காயப்போட்டாள். ஏன் இவ்வளவு பெரிசு என்று இவள் ஒருநாள் கேட்டபோது, "இல்லாத ஆளுதானே, நல்லா வாட்டசாட்டமா இருந்துட்டுப் போகட்டும்" என்று சிரித்தாள். "உங்க வீட்டுக்காரருக்கு ஒரே சட்டைதானா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவைக்க, மறு வாரமே கோடு போட்ட சட்டை ஒன்றும் கொடிக்கு வந்தது. துவைத்துத் துவைத்தே வெளுத்த சட்டைகள். காலரில் மட்டும் அழுக்கே ஏறியதில்லை.

கூடத்திலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தாள். "ஏம்மா, மாப்பிள்ளை எங்க வர்றாராம்? வண்டிக்காரன் கத்துறான்."

"வழியில இருக்காரு பெரியம்மா."

காலையிலிருந்து அதைத்தான் சொல்கிறாள். முதலில் பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. "மாப்பிள்ளை முகம் பார்க்காம எடுக்கக் கூடாது" என்று பெரியம்மா எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். இப்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அம்மாவைக் கிடத்தி வைத்துக்கொண்டு, வராத ஒருவனுக்காக வீடே காத்திருந்தது.

கணவன் இன்னொருத்தியோடு போனதை இவள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட வெளியூர் வேலை என்றுதான் சொல்லியிருந்தாள். அம்மாவும் துருவிக் கேட்கவில்லை. போன வாரம் போனில் ஒன்று மட்டும் கேட்டாள். "உன் வீட்டுக் கொடி ரோட்டுல இருந்து பார்த்தா தெரியுமா?"

"தெரியும்மா. எதுக்கு?"

"சும்மாத்தான்."

இவளுக்கு அழுகை வரவில்லை. நெடுநேரம் மடக்கி வைத்த கால்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

கூடத்துக்கு வந்தாள். உள்ளறையிலிருந்து மகள் தடுக்கித் தடுக்கி நடந்து வந்தாள். கழுத்திலிருந்து கால்வரை ஒரு புது நீலச் சட்டை. ஒரு பக்கம்தான் கை தைத்திருந்தது. பித்தான் இன்னும் வைக்கவில்லை.

"பாட்டி மெஷின்ல இருந்துச்சும்மா."

பெரியம்மா துணியைத் தொட்டுப் பார்த்தாள். "மாப்பிள்ளைக்குத் தைச்சாளா? அவரு ஒல்லியாச்சே. ரெண்டு பேர் நுழையலாம் போல இருக்கே இதுல."

இவள் அந்த அகன்ற தோள்களைப் பார்த்தாள். மாடிக் கொடியில் பார்த்துப் பழகிய அதே அளவு. அவன் போனது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

"அவருக்கு இல்ல பெரியம்மா."

"பின்ன யாருக்கு?"

"எனக்கு. என் வீட்டுக் கொடியில போட." குரல் யாருடையதோ போல இருந்தது. "அவரு வரமாட்டாரு. போன வருஷமே எங்களை விட்டுட்டுப் போயிட்டாரு. வழியில எல்லாம் இல்ல. அம்மாவை எடுக்கச் சொல்லுங்க."

வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"உங்கம்மா மாதிரியே..." என்று தொடங்கிய பெரியம்மா பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"ஆமா."

எல்லோரும் அம்மாவோடு போனபின் வீட்டில் இவளும் மகளும் மட்டும் இருந்தார்கள். வாளியிலிருந்த சட்டையைப் பிழிந்து எடுத்துவந்து, மண்டியிட்டு, அம்மா கிடந்த இடத்தைத் துடைத்தாள்.

"அம்மா, என் கையைக் காணோம்," என்றாள் மகள்.

இவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தைத்திருந்த அந்த ஒரு கையை, உள்ளேயிருந்து சின்ன விரல்கள் வெளியே தெரியும்வரை மடித்துக்கொண்டே இருந்தாள்.