மனுஷக் குரல் இல்லாத சத்தம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏமாற்றிவிட்டாள் என்று என்னை வையாதீர்கள். இந்தக் கதை எனக்கு ஒரு சாவு வீட்டில் கிடைத்தது. நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். காரைக்கால் சுற்றுவட்டாரத்தில் யாருக்கு சுகர், யாருக்கு பிரஷர் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கதை எழுதுவது மிச்ச நேரத்தில். மேலவாஞ்சூர் சிதம்பரநாதன் என்னிடம்தான் பாலிசி எடுத்திருந்தார். அவர் இறந்து, காரியமும் முடிந்தபின் அவர் மனைவி திரிபுரசுந்தரியிடம் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். மகன் கதிரவன் வாசல்வரை வழியனுப்ப வந்தான்.

"அக்கா, நீங்க கதையெல்லாம் எழுதுவீங்கல்ல?"

எழுதுகிறவளிடம் இப்படி ஆரம்பித்தால் அடுத்து என்ன வரும் என்று தெரியும். 'என் வாழ்க்கையவே எழுதலாங்க, அவ்ளோ இருக்கு' என்பார்கள். தலையை ஆட்டிக்கொண்டே ஸ்கூட்டியில் சாவியைப் போட்டேன்.

"எங்கப்பா ஒரு வார்த்த பேசுற மாதிரி எழுதித் தரணும்க்கா. ஒரே ஒரு வார்த்த."

சாவியை வெளியே எடுத்துவிட்டேன்.

2

ஆரம்பம், முதல் முயற்சி:

வங்கக் கடலின் உப்புக் காற்றைக் கிழித்துக்கொண்டு அந்த ராட்சத எஞ்சின்—

(அடித்துவிட்டேன். உப்புக் காற்றை யார் கிழித்துப் பார்த்தார்கள்?)

இரண்டாம் முயற்சி:

சின்ன வயதிலிருந்தே கதிரவனுக்கு ரயில் என்றால்—

(இதுவும் வேண்டாம். சின்ன வயதில் யாருக்குத்தான் ரயில் பிடிக்காது? டிப்ளமா முடித்து, கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிற, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வயசுக்காரன் லீவு போட்டுவிட்டு வெயிலில் தண்டவாளத்தோரம் போய் ஏன் நிற்கிறான்? அதைச் சொல்ல வேண்டும்.)

சொல்கிறேன். இவர்கள் ஒரு கூட்டம். காரைக்கால், நாகூர், திருவாரூர், அந்தாண்ட தஞ்சாவூர்வரை ஆளிருக்கிற ஒரு வாட்ஸப் குழு. அதற்குள் இரண்டு கட்சி. பழைய ஆல்கோ டீசல்தான் எஞ்சின் என்று ஒரு கட்சி, பின்னால் வந்த இஎம்டி டீசல்தான் ராஜா என்று இன்னொரு கட்சி. தேர்தல் சமயத்தில்கூட நம்மூரில் இவ்வளவு சண்டை நடக்காது. மின்சார எஞ்சினை இரண்டு கட்சியுமே மதிப்பதில்லை. மேலே கம்பி இழுத்து மின்சார வண்டி ஓடத் தொடங்கியதிலிருந்து டீசல் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் எப்போதாவது ஒரு ஆல்கோ வந்தால் குழுவே கல்யாண வீடாகிவிடும்.

"கரண்டு எஞ்சினு ஓட்டல் பார்சல் மாதிரிக்கா. எவனோ சமைச்சி அனுப்புறத சாப்புட்டுட்டு ஓடுது. டீசலு தானே ஒல வச்சி தானே வடிச்சிக்கும்," என்றான் கதிரவன். "அதுலயும் ஆல்கோ, லோடு வண்டிய இழுத்துக்கிட்டு நின்ன எடத்துலேருந்து கெளம்புது பாருங்க, அந்தச் சத்தம் காதுல விழாதுக்கா, வயித்துல விழும்."

எனக்கு அப்போது உள்ளுக்குள் சிரிப்புதான். பிறகு, எழுதுவதற்காக, நானும் ஒருநாள் போய் நின்றேன். நின்றிருந்த எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கிளம்பியபோது காலடியில் சரளைக்கல் நடுங்கியது, என் பல்லும் நடுங்கியது. அவ்வளவு பெரிய பாரம் முதல் அடி எடுத்து வைக்கப் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். அதற்கப்புறம் நான் சிரிக்கவில்லை.

3

இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. இதை மட்டும் கவனமாகப் படியுங்கள், கதை இதில்தான் நிற்கிறது.

ரெக்கார்டிங் ஓடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. எஞ்சின் சத்தத்தில் ஒரு மனுஷக் குரல் விழுந்தால் அந்தப் பதிவு 'கெட்டுப்போச்சு'. ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவர் "என்னா தம்பி, படமா புடிக்கிற?" என்று கேட்டால் தீர்ந்தது. 'பேசாதீங்க' என்று சொல்லவும் முடியாது, அதுவும் பதிவாகுமே. அதனால் கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டுவார்கள், போக்குவரத்துப் போலீஸ் மாதிரி. பார்த்தவர் அப்படியே நின்றுவிட வேண்டும்.

சிதம்பரநாதனுக்கு இதெல்லாம் பழக்கம். மகன் வீட்டில் பதிவைப் போட்டுக் கேட்டால், "மிக்ஸிய நிறுத்துடி, அவன் எஞ்சின் கேக்குறான்ல?" என்று மனைவியை அதட்டுவாராம். வயலில் நிற்கும்போது தூரத்தில் கரும்புகை தெரிந்தால் போன் போடுவார்: "டேய், ஒங்காளு வர்றாப்புல இருக்கு, ஓடியா." அவருக்கு ஆல்கோவும் தெரியாது, இஎம்டியும் தெரியாது. பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது, அது போதும் அவருக்கு.

4

அன்று நடந்ததைக் கதிரவன் சொன்னபடி தருகிறேன். (வர்ணனை சேர்த்துப் பார்த்தேன். பிணத்துக்குப் பவுடர் அடித்த மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

நாகூர் சேக் அலாவுதீன் குழுவில் அவனுக்கு உயிர் சினேகிதன். 'துறைமுகத்து நிலக்கரி வண்டிக்கு ரெட்டை ஆல்கோ, பொன்மலை ஷெட் எஞ்சின்' என்று அலாவுதீன் செய்தி போட்டதும் கதிரவன் ஓடினான். கையில் அலாவுதீன் இரவல் கொடுத்திருந்த நல்ல ரெக்கார்டர். துறைமுகத் தண்டவாளம் பெரிய லைனில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டி சிக்னலுக்காக நின்றது. இவர்களுக்கு இதைவிட வரம் கிடையாது. மைக்கை நட்டுவைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தான்.

அப்போது அப்பா டிவிஎஸ் பிப்டியில் வந்தார். வண்டியை நிறுத்தினார். நெஞ்சைத் தடவிக்கொண்டே கிட்டத்தில் வந்தார்.

"வேர்வையத் தொடைக்கிறாருன்னு நெனச்சேன்க்கா. அப்பத்தான் ரெக்கார்டிங்க ஓட விட்டிருந்தேன். வாயத் தொறந்தாரு. அந்த நேரம் பாத்து சிக்னல் குடுத்துட்டான், எஞ்சினு சத்தத்த ஏத்த ஆரம்பிச்சிருச்சி. கையக் காமிச்சேன்."

"அவரு?"

"வாய மூடிக்கிட்டாருக்கா. சரி சரின்னு தலைய ஆட்டுனாரு."

வண்டி கிளம்பியது. பெட்டி பெட்டியாகப் போனது. கடைசிப் பெட்டியும் போய், சத்தம் அடங்கி, ரெக்கார்டரை நிறுத்திவிட்டுத் திரும்பினால், அப்பா டிவிஎஸ் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

5

கதிரவன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு கதாபாத்திரமாகத்தான். பெற்ற அப்பா பின்னால் நிற்கிறார், அவ்வளவு நீளமான வண்டி போகிறது, ஒருதடவை திரும்பிப் பார்க்காமலா இருப்பான்? வாசகர் நம்புவாரா? கோபமாகவே கேட்டுவிட்டேன்.

"ஒரு தடவகூடத் திரும்பலியாடா நீ?"

"திரும்புனா சட்ட உரசும்க்கா. மைக்ல விழுந்துரும்."

என்னால் இப்படி ஒரு வாக்கியத்தைக் கற்பனை செய்ய முடியாது. நம்பினேன்.

[இன்னொன்று. இதைக் கதைக்குள் வைக்கவா வெளியே வைக்கவா என்று தெரியாததால் அடைப்புக்குள் போட்டிருக்கிறேன். அன்று சிதம்பரநாதன் வயலில் அறுப்பு மெஷின் இறங்கியிருந்தது. மணிக்கணக்கில் வாடகை ஏறுகிற மெஷினை விட்டுவிட்டு எந்த விவசாயியும் பிள்ளையை வேடிக்கை பார்க்க வரமாட்டான். வலி வந்துதான் வந்திருக்கிறார். நான் இதைக் கதிரவனிடம் சொல்லவில்லை. அவனும் விவசாயி வீட்டுப் பிள்ளைதான், தெரியாமலா இருக்கும்? கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டானாம். சொல்ல முடியாதுப்பா என்றாராம்.]

6

அவன் கேட்ட ஒரு வார்த்தை அவனுக்காக இல்லை, அம்மாவுக்காக. அன்று காலையில் புருஷனும் பெண்டாட்டியும் வாய்ச்சண்டை. மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போவதா வேண்டாமா என்பது சண்டை. அவர் சாப்பிடாமலே வயலுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

"கடைசியா என்னடா சொன்னாரு?" என்று அந்த அம்மா கேட்டபோது கதிரவன், "ஒண்ணும் சொல்லலம்மா" என்றான். நிஜம்தானே அது. ஆனால் அந்த அம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், "எம்மேல இருந்த கோவத்துல வாயத் தொறக்காமலே போயிட்டாரு. நாந்தான் தின்னுட்டேன் அவர" என்று சொல்லிச் சொல்லி அழுதார். என்னிடமும் சொன்னார். சாப்பாட்டைக் குறைத்து ஆளே பாதியாகிவிட்டார்.

அதனால்தான் ஒரு வார்த்தை. நான் எழுதித் தர வேண்டும், 'இப்பத்தான் நெனவுக்கு வந்துச்சிம்மா, இதச் சொன்னாரு' என்று இவன் போய்ச் சொல்ல வேண்டும். முடியாது போடா என்று எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து எழுதியும் பார்த்தேன். எழுதுகிறவளுக்கு மானம் ஏது?

(அ) "அம்மாவப் பாத்துக்கடா." எல்லாக் கதையிலும் எல்லா அப்பாவும் இதைத்தான் சொல்லிவிட்டுச் சாகிறார்கள்.

(ஆ) "ஒங்கம்மாமேல எனக்குக் கோவமெல்லாம் இல்லடா." நெஞ்சு வலிக்கிற மனுஷன் இவ்வளவு வக்கணையாகவா பேசுவார்?

(இ) "வலிக்குதுடா."

மூன்றாவதை எழுதியபின் அந்தத் தாளை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் சொல்ல வந்தது இதுவாகத்தான் இருக்கும். முதலாவதை மட்டும் தனியாகக் கிழித்தெடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

7

இதற்குள் சேக் அலாவுதீன் தன் ரெக்கார்டரைத் திரும்ப வாங்கிப் போயிருந்தான். உள்ளே அன்றைய பதிவு இருந்தது. அவனுக்குக் கை காட்டிய விஷயம் தெரியாது. நல்ல மனசோடுதான் செய்தான். குழுவில் போட்டு, கீழே எழுதினான்: 'நம்ம சிதம்பரநாதன் மாமாவுக்காக. மாஷா அல்லாஹ், ஒரு மனுஷக் கொரலு விழாத சுத்தமான சவுண்டு.' அதையே திரிபுரசுந்தரியின் போனுக்கும் அனுப்பிவைத்தான்.

"முத்தமிழு, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்," என்று அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். மத்தியான நேரம். கதிரவனும் இருந்தான். கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து போனைத் தட்டினார்.

எஞ்சின் நின்றபடி மூச்சு வாங்குகிற சத்தம். அப்புறம் ஏற்றம். ஒவ்வொரு அடியாக, வீடே அதிர்கிற மாதிரி. இரும்போடு இரும்பு இழுபடுகிற சத்தம். பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. வேர்த்துக் கொட்டியது, யாரும் துடைத்துக்கொள்ளவில்லை. முழுவதையும் கேட்டார். கடைசிப் பெட்டி போனபின் வெறும் காற்று. அதையும் கேட்டார்.

"ஒரு கொரலு இல்ல," என்றார். "ஒங்கப்பா பக்கத்துலதான நின்னாரு?"

"ஆமாம்மா."

"கெளம்புன பெறவா வந்தாரு?"

"முன்னாடியே வந்துட்டாரும்மா."

அந்த அம்மா மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். மிக்ஸியை நிறுத்திப் பழகியவர் அவர். அவருக்கு எதையும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

"கையக் காமிச்சியா?"

கதிரவன் என்னைப் பார்த்தான்.

8

முடிவுகள்.

ஒன்று: நான் கைப்பையைத் திறந்து, 'இல்லைங்கம்மா, அவரு சொன்னாரு, இவன்தான் சொல்ல முடியாமத் தவிச்சான்' என்று—

(இல்லை. கைப்பை மடியிலேயே இருந்தது. ஜிப்பில் விரல் போனது நிஜம்.)

இரண்டு: அவன் 'இல்லம்மா' என்கிறான். கோபத்தில்தான் போனார் என்று அந்த அம்மா நம்பியபடியே மிச்ச நாளை ஓட்டுகிறார். மகனுக்கு நல்ல இடத்தில் பெண் பார்க்கிறார்.

மூன்று: அவன் 'ஆமாம்மா' என்கிறான். புருஷன் தன்மேல் கோபத்தில் போகவில்லை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிகிறது. அதே மகனுக்கு ராத்திரி சோறு போட வேண்டும்.

இதில் எது நடந்தது என்று எனக்குத் தெரியும். நான் அங்கேயே இருந்தேன். கதிரவன் வாயைத் திறந்தான், பதில் சொன்னான், அந்த அம்மா அதற்கு ஒன்று செய்தார். எழுத மாட்டேன். எழுதினால் 'நல்ல முடிவு' என்பீர்கள், அல்லது 'இன்னும் கொஞ்சம் அழுத்தமாக இருந்திருக்கலாம்' என்பீர்கள், புத்தகத்தை மூடிவிட்டு டீ போடப் போவீர்கள். அந்தப் பிள்ளைக்கு அப்படிப் போக ஓர் இடம் இல்லை.

அதனால் கொஞ்சம் இப்படித் தள்ளி வந்து உட்காருங்கள். அவன் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி இது. 'கையக் காமிச்சியா' என்று கேட்டாயிற்று. என்னைப் பார்க்காதீர்கள், நான் எதுவும் எடுத்துத் தருவதாக இல்லை. உங்கள் பதிலை மனசுக்குள் சொல்லிக்கொள்ளவும் கூடாது. வாய்விட்டுச் சொல்லுங்கள். அது காதில் விழ வேண்டும் என்று அந்த அம்மா இன்னும் ஃபேனைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்.