பைலியின் மணிக்கட்டும் பதினாலாம் நம்பர் ஸ்பேனரும்

கேரளத்து மலையூரான அடிமாலியில், சந்தைக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஏல்யாம்மாவுக்கு, எதிர்ப்பக்கம் கார் ஒர்க்‌ஷாப் நடத்திய பைலி மேல் ஒரு பிரியம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் அப்பச்சன் என்று கூப்பிடும் அப்பா படுக்கையில் விழுந்தபோது பட்டறையைக் கையில் எடுத்தவள், அவர் போன பிறகும் விடவில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் யாருடைய வீட்டு இரும்புக் கேட்டையோ அவசரமாக முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படியே நாற்பது தாண்டிவிட்டது. பைலிக்கு அவளைவிட ஐந்தாறு வயது கூடுதல். மனைவி இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை.

காருக்குள் கை நுழையாத இடங்கள் ஏராளம். எஞ்சினுக்கும் பின்சுவருக்கும் நடுவில், குழாய்களுக்கு அடியில், கடையில் வாங்கிய ஸ்பேனர் எட்டிப் பார்க்கக்கூட முடியாத மூலையில் ஒரு போல்ட் உட்கார்ந்திருக்கும். அதற்காகத்தான் பைலி சாலையைத் தாண்டி வருவான். ஒரு ஸ்பேனரின் கழுத்தை வளைக்கச் சொல்வான், இன்னொன்றின் தலையைச் சுற்றித் தேய்த்து மெலிசாக்கச் சொல்வான், வேறொன்றைப் பாதியாக வெட்டச் சொல்வான். அவள் நெருப்பு காட்டி வளைத்து முடிக்கும்வரை பால் விடாத கட்டன் சாயாவைக் குடித்தபடி பக்கத்தில் நிற்பான். பேச்சு முழுக்க இரும்பைப் பற்றித்தான் இருக்கும். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் பைலி ஒரு வளைவில் பைக்கோடு சறுக்கி விழுந்தான். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு பிரித்த பிறகும் கை பழையபடி ஆகவில்லை. மணிக்கட்டு மடங்க மறுத்தது, விரல்கள் பாதிவரை மூடி நின்றுவிட்டன. ஒர்க்‌ஷாப்பின் ஷட்டர் இறங்கியே கிடந்தது.

டாக்ஸி ஓட்டும் குரியாக்கோஸ்தான் ஒருநாள் வந்து விஷயத்தைச் சொன்னான். அவனுடைய காரில் ஸ்டார்ட்டர் மோட்டார் செத்துப்போய், தினமும் அதை மேட்டில் நிறுத்தி உருட்டிவிட்டுத்தான் கிளப்பிக்கொண்டிருந்தான். வேறு ஆளிடம் போக மனசு வரவில்லை என்று காத்திருந்தால், பைலி சாமான்களை எல்லாம் விற்றுவிட்டு அங்கமாலியில் தங்கச்சி வீட்டோடு போய்விடப் போகிறானாம். சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். ஏல்யாம்மாவுக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை. வெல்டிங் ராடைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவளே கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

மத்தியானம் கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு முழம் மெல்லிய கம்பியும் எடுத்துக்கொண்டு, ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாலிருந்த அவன் வீட்டுக்குப் போனாள். பைலி சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. சாப்பாட்டை வாங்கி வைத்தான். உட்காரச் சொல்லவில்லை. அவளே உட்கார்ந்தாள்.

"கையைக் காட்டுங்க சேட்டா."

"டாக்டர்தான் பார்த்தாச்சே."

"டாக்டர் குணமாகுமான்னு பார்த்தாரு. எவ்வளவு வளையும்னு நான் பார்க்கணும்."

"என் கை என்ன, உன் ஜன்னல் கம்பியா?"

"ஜன்னல் கம்பி இவ்வளவு முரண்டு பிடிக்காது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டே கையை நீட்டினான். இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கையைத் தொட்டதே இல்லை. மெலிந்து, வெளுத்து, ஆஸ்பத்திரி வாசனையோடு இருந்தது. முகத்தைப் பட்டறையில் வேலை பார்க்கும் முகமாகவே வைத்துக்கொண்டு, கம்பியை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்கள் எதுவரை மூடுகின்றனவோ அதுவரை வளைத்தாள். அப்புறம் குரியாக்கோஸின் காரைக் கொண்டுவரச் சொல்லி, பானெட்டைத் திறந்து, அதே கம்பியின் மறுமுனையைக் குழாய்களுக்கு நடுவில் நுழைத்து, ஸ்டார்ட்டரின் மேல் போல்ட்வரை போகும் வழியை அளந்தாள். முன்பெல்லாம் அந்த வழியில் பைலியின் மணிக்கட்டு திரும்பும். இனி இரும்புதான் திரும்ப வேண்டும் என்று அவனுக்கு விளக்கினாள். இதெல்லாம் நடக்கிற காரியமில்லை என்றான். ஆனால் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை அவனே தேடி எடுத்துக் கொடுத்தான்.

முதல் ஸ்பேனர் உடைந்தது. அவசரத்தில் சிவக்கக் காய்ச்சி வளைத்ததும் தண்ணீரில் முக்கிவிட்டாள். இரும்பு விறைத்துப்போய், வைஸ் பிடியில் மாட்டி அழுத்தியதும் பிஸ்கட் போல இரண்டு துண்டானது. சூட்டோடு முக்கினால் உடையும் என்று தெரியாதவள் இல்லை அவள். தன் மேலேயே கோபம் வந்தது. பட்டறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, இரண்டாவதைப் பொறுமையாகக் காய்ச்சி, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, சாம்பலில் புதைத்து, தானாக ஆறவிட்டாள். கைப்பிடி முனையில் வளைந்த தகடு ஒன்றைப் பற்றவைத்தாள். விரல்களால் இறுக்கிப் பிடிக்க வேண்டாம், உள்ளங்கையை வைத்து முழங்கையால் தள்ளினால் போதும். தகட்டின் விளிம்பைத் தடவித் தடவி, எங்கும் கீறாது என்று தெரியும்வரை தேய்த்தாள்.

மறுநாள் காலை பைலி சவரம் செய்துகொண்டு வந்து நின்றான். ஸ்பேனர் பார்க்கக் கொக்கின் கழுத்துபோல இருந்தது. உள்ளே விட்டான். ஒருமுறை நழுவியது. மறுமுறை போல்ட்டின் தலையைக் கவ்வியது. தள்ளினான். நெற்றியில் வியர்வை பூத்தது. டக்கென்று போல்ட் இளகிய சத்தம் கேட்டதும் குரியாக்கோஸ் மாதாவைக் கூப்பிட்டான். பைலி ஸ்பேனரை வெளியே இழுத்து, அதன் வளைவைச் சட்டையில் துடைத்தான்.

புது மோட்டாரை மாட்டும்போதுதான் வேறொரு சங்கடம் வந்தது. போல்ட்டின் மறுமுனையில் கீழிருந்து நட்டைப் பிடித்துத் தர வேண்டும். மேலேயும் கீழேயும் ஒரே ஆளாகப் பைலி முன்பு செய்த வேலை அது. குரியாக்கோஸின் கை தடிமன், நுழையவில்லை. ஏல்யாம்மா சாக்கை விரித்து, காருக்கு அடியில் படுத்து, கையை உள்ளே விட்டாள். மேலிருந்து பைலியின் இடது கை இறங்கி வந்தது. இருவர் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் விரல்கள் முட்டிக்கொண்டன. நட்டு புரியில் ஏறியது. அதன் பிறகும் அவன் விரல்கள் அவள் விரல்களை விடவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை. கரி கலந்த எண்ணெய் கன்னத்தில் சொட்ட அப்படியே கிடந்தாள்.

"மாட்டியாச்சா இல்லையா?" என்று குரியாக்கோஸ் கேட்டான்.

மாட்டியாச்சு என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கார் சாவி திருப்பியதும் கிளம்பியது. குரியாக்கோஸ் சந்தோஷத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே போனான். பைலி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, அவள் கை கழுவ சோப்பை நீட்டினான். தங்கச்சி வீட்டுக்குப் போகவில்லை என்றான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"நீ இல்லாம எனக்கு முடியாது, ஏல்யாம்மா."

"எது, நட்டு மாட்டறதா?"

"நட்டும்தான்."

அவள் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கரி போன பிறகும் கழுவினாள்.

மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் ஒர்க்‌ஷாப்பின் ஷட்டர் அதன்பின் பகலில் இறங்கவில்லை. ஈஸ்டர் கழிந்து கோயிலில் அவர்களுடைய கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்தபோது, தன் ஸ்டார்ட்டர்தான் இதற்கெல்லாம் காரணம் என்று குரியாக்கோஸ் பக்கத்து வரிசைவரை கேட்கும்படி சொன்னான். யாரும் மறுக்கவில்லை.