வசந்த நாட்டிய உலா

என் மனைவி தீப்தி புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்தவள். மாமனார் அங்கே ராணுவக் கிடங்கில் வேலை பார்த்தவர், சொந்த ஊர் ஆற்காட்டுப் பக்கம். நான் வேலைக்காகப் புனே வந்து சேர்ந்த கும்பகோணத்துக்காரன். எங்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும் அது இரண்டு தமிழ். அவளுடைய தமிழில் மராத்தி ஏறி உட்கார்ந்திருக்கும். அதைத் திருத்தப் போனால் அன்றைக்கு எனக்குக் காபி கிடைக்காது.

அவளுக்கு நாடகம் என்றால் உயிர். கோந்த்வாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இந்தி சொல்லிக்கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மராத்தி நாடகம் பார்க்கக் கிளம்பிவிடுவாள். எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு வருஷம் தவறாமல் ஒரு தமிழ் நாடகம் எழுதி, நடிக்க ஆள் பிடித்து, மேடையேற்றுவதும் அவள்தான். இந்த வருஷம் மன்றச் செயலாளர் விஸ்வேஸ்வரன் அதற்கு முட்டுக்கட்டை போட்டார். நாடகம் தொடங்கியதும் ஜனங்கள் போண்டா வாங்க எழுந்து போய்விடுகிறார்கள், நடிக்கவும் அதே நாலு பழைய முகங்கள், இளசுகள் எட்டிப் பார்ப்பதில்லை, பேசாமல் ஆர்கெஸ்ட்ரா வைத்துவிடலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தலையை எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார்.

தீப்தி விடவில்லை. நாடகத்தில் ஆர்வமுள்ளவர்கள் மன்றத்தில் இருக்கிறார்களா இல்லையா என்று காட்டுகிறேன், மராத்தி வருஷப் பிறப்பான பாட்வாவுக்கு முந்தின ஞாயிறு காலை ஊருக்குள் ஒரு நடைக்கு அழைக்கிறேன், புனேயின் நாடக அரங்குகளையும் வழியில் பூத்திருக்கும் மரங்களையும் காட்டுகிறேன், ஒரு கூட்டம் சேர்ந்தால் நாடகம் இருக்கட்டும், சேராவிட்டால் ஆர்கெஸ்ட்ரா என்று பந்தயம் கட்டிவிட்டாள். விஸ்வேஸ்வரன் தானே நேரில் வந்து எண்ணிக்கொள்வதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு பயம் வந்தது. அடுப்பைப் பற்ற வைக்காமல் அதன் முன்னாலேயே நின்றாள்.

“இந்த நாடகத்துல மட்டுந்தாங்க நான் தமிழ்க்காரி. மத்த நாளெல்லாம் நான் யாரோ ஒரு இந்தி டீச்சர். இதுவும் போச்சுன்னா இன்னாங்க பண்ணுவேன்?”

அன்றைக்குக் காபி நான் போட்டேன்.

மறுநாளிலிருந்து திட்டம் போட ஆரம்பித்தாள். ஆற்றங்கரை அரங்கில் தொடங்கி, ஜங்லி மகாராஜ் ரோடு வழியே நடந்து, பாலத்தைத் தாண்டி, சதாசிவ் பேட்டில் ஒரு பழைய அரங்கில் முடிப்பது, பிறகு எல்லாரும் காரசாரமான மிசல் பாவ் சாப்பிடுவது. அந்தப் பழைய அரங்கின் மேலாளர் அவளுக்குத் தெரிந்தவர். பகல் காட்சிக்கு முன்னால் கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்துகொள்ள அனுமதி வாங்கிவிட்டாள். மனிதர்கள் ஒத்துழைத்தார்கள், மரங்கள்தான் படுத்தின. டபேபூயா என்று ஒரு மரம் உண்டு. இலையெல்லாம் உதிர்ந்து, மரம் முழுக்க ரோஸ் நிறத்தில் பூத்துக் குலுங்கும். ஒரு காற்று அடித்தால் அத்தனையும் ரோட்டில். அது சரியாக அந்த ஞாயிறு வரைக்கும் தாங்க வேண்டும் என்பதற்காக, மரத்துக்கு எதிரே டீ விற்பவரின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, பூ இருக்கிறதா கொட்டிவிட்டதா என்று தினமும் விசாரித்தாள். அந்த மனிதரும் உடம்பு சரியில்லாத சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் நிதானமாக நிலைமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அழைப்பை மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் தமிழில் போட வேண்டும். தீப்திக்குத் தமிழ் எழுத்து ஓடாது, தமிழ் நாடகத்தையே இந்தி எழுத்தில்தான் எழுதுவாள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் பண்ணி வாயால் சொன்னாள், நான் எழுதினேன். “வசந்த நாட்ய ஃபேரின்னு போடுங்க. நாட்ய ரசிகருங்க எல்லாரும் வாங்கன்னு போடுங்க.” ஃபேரி என்றால் சுற்றி வருவது, அது எனக்குத் தெரியும். ‘வசந்த நாட்டிய உலா’ என்று தலைப்பு போட்டேன். ‘நாட்டிய ரசிகர்கள் அனைவரும் குடும்பத்துடன் வருக’ என்று அழகாக முடித்தேன். படித்துக் காட்டினபோது ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அவளே சொன்னாள். இது முக்கியம். இதைப் பிற்பாடு யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை ஆற்றங்கரை அரங்கின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். தீப்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள். கிட்டே போனால் ஜல்ஜல் என்று சத்தம். இருபது பெண் பிள்ளைகள், கண்ணில் மை, தலையில் மல்லிகை, காலில் சலங்கை. பக்கத்தில் பட்டுப்புடவையில் அம்மாக்கள். நடுவில் நாட்டிய ஆசிரியை அபயாம்பாள், ஒரு கையில் தட்டுக்கழி, இன்னொரு கையில் ஸ்பீக்கர். ஆட மேடை எங்கே என்று என்னைக் கேட்டார்.

தீப்தி அழைப்பை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். மராத்தியில் நாட்ய என்றால் நாடகமாம். ஊரில் அரங்கையே நாட்யக்ருஹம் என்றுதான் சொல்வார்களாம், இத்தனை வருஷம் இங்கே இருந்து இது தெரியாதா என்று கேட்டாள். தமிழில் நாட்டியம் என்றால் நாட்டியம்தான், இதில் நான் என்ன செய்ய முடியும்? இதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

விஸ்வேஸ்வரன் கூட்டத்தை எண்ணி முடித்துவிட்டு வந்தார். ஆள் நிறைய இருக்கிறது, ஆனால் நாடகத்துக்கு என்று ஒருத்தர்கூட இல்லையேம்மா என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகவே சொன்னார். அதுதான் அவளை இன்னும் குத்தியது.

வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. நடந்தோம். டபேபூயா தாங்கியிருந்தது. மரத்தடியில் ரோஸ் பூ விரித்துக் கிடக்க, அம்மாக்கள் பிள்ளைகளை நிறுத்தி விதவிதமாகப் படம் எடுத்தார்கள். தீப்தி அரங்குகளின் கதையைச் சொல்லிப் பார்த்தாள், கேட்டவன் நான் ஒருவன்தான். அந்த டீக்காரர் இவளை அடையாளம் தெரிந்துகொண்டு, பார்த்தீர்களா, காப்பாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று பெருமையாகக் கையாட்டினார். அவளால் சிரிக்கக்கூட முடியவில்லை.

என் பக்கத்தில் நடந்து வந்தவர் மல்லிகா, கோர்படி ரயில்வே காலனியில் இருக்கும் மதுரைக்காரர். அவர் மகள் காவ்யா பத்தாவது படிக்கிறாள். வீட்டில் தான் தமிழில் கேட்டால் மகள் மராத்தியில்தான் பதில் சொல்லுவாள், தமிழ் எல்லாம் புரியும், வாயில் மட்டும் வராது என்று மல்லிகா குறைப்பட்டுக்கொண்டார். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று சமாதானம் சொன்னேன்.

பழைய அரங்கின் மேடையில் பகல் நாடகத்துக்கான வீடு தயாராக நின்றது. சோபா, சமையலறைக் கதவு, சுவரில் காலண்டர். சுத்தியலோடு நின்ற பணியாளர்கள் சலங்கைக் கூட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அம்மாக்கள் முன் வரிசைகளை நிரப்பினார்கள். விஸ்வேஸ்வரன் கடைசி வரிசைக்குப் போனார். அபயாம்பாள் காவ்யாவை மேடையேற்றி, குழந்தை மண் தின்பதைத் தாய் அதட்டுகிற இடத்தை ஆடச் சொன்னார். பெண் நன்றாகவே செய்தாள். கண்ணாலேயே அதட்டினாள்.

தீப்தி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று மேடைக்குப் போனாள். சலங்கையைக் கழற்றச் சொன்னாள், காவ்யாவைச் சோபாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். இப்போது கண்ணால் சொன்னதை வாயால் சொல்லு என்றாள். காவ்யா கூச்சத்தோடு, “ஏ, தோண்ட் உகட்,” என்று மராத்தியில் வாயைத் திறக்கச் சொன்னாள்.

“உங்கம்மா உன்ன அப்டியா திட்டுவாங்க?” என்று கேட்டாள் தீப்தி.

காவ்யா கீழே உட்கார்ந்திருந்த மல்லிகாவைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள். முந்தானையை எடுத்துச் செருகுவதுபோல் செய்துவிட்டு ஆரம்பித்தாள்.

“ஏய், வாயத் தொற. தொறங்கிறேன்ல? வீட்ல சோறு இல்லாமயா மண்ண அள்ளித் திங்கிற? வரட்டும் உங்கப்பா, இன்னைக்கு இருக்கு உனக்கு. என்ன முழிக்கிற? முழியப் பாரு, பேசாம நின்னா விட்ருவேனா?”

அச்சு அசல் மதுரை. அரங்கமே வெடித்துச் சிரித்தது. மல்லிகா வாயில் கையை வைத்துக்கொண்டு, அது நான்தான், அப்படியே நான்தான் என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் சொன்னார்.

அதற்குப் பிறகு பிள்ளைகளை மேடையிலிருந்து இறக்க முடியவில்லை. ஒருத்தி சேலத்தில் திட்டினாள், ஒருத்தி திருநெல்வேலியில். இன்னொருத்தி தன் அம்மா போனில் மாமியாரோடு குழைவாகப் பேசுவதையும் போனை வைத்த மறுநொடி பேசுவதையும் நடித்துக் காட்டினாள். அந்த அம்மா நாற்காலிக்கு அடியில் ஒளியப் பார்த்தார். தீப்தி ஒவ்வொருத்தியையும் நகர்த்தி நிறுத்தி, கதவு வழியே வரச் சொல்லி, சோபாவில் உட்கார வைத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை ஒரு குடும்பமாக்கிவிட்டாள். ஒரு வார்த்தை புரியாத பணியாளர்களும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். முகத்தில் வருவது இவர்களுக்கு வாயிலும் வருமா என்று அபயாம்பாள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். ஒருவரும் எழுந்து போகவில்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். விஸ்வேஸ்வரன் நடு வரிசைக்கு வந்திருந்தார். அடுத்த முறை பார்த்தபோது எனக்குப் பின்னால் இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரித்ததில்.

நேரம் முடிந்துவிட்டது என்று பணியாளர்கள் சைகை காட்டினார்கள். விஸ்வேஸ்வரன் மேடைக்குக் கீழே போய் நின்று, தீப்தியை அண்ணாந்து பார்த்தார்.

“ஆர்கெஸ்ட்ராக்காரங்களுக்கு நான் வேண்டாம்னு சொல்லிடறேன்மா. இதையே நாடகமா எழுதிடு.”

எதிர்த்துப் பேச இத்தனை நாளாக என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தவள், யாருடைய நாடகத்துக்கோ போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். நான் மேடையேறுவதற்குள் காவ்யா முந்திக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைத் தொட்டாள்.

“ஆன்ட்டி, ஏன் அழுறீங்க? அதான் சார் சரின்ட்டாருல்ல. அழுவாதீங்க, நாங்க எல்லாரும் வர்றோம்.”

மல்லிகா என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“சார், இப்ப அவ நடிக்கல. சும்மாவே தமிழ் பேசுறா.”